குயில் கூப்பிடாத சிக்னல்

நொபுயோவுக்கு ஒரு நாளைக்கு மூன்று அதிசயம் வேண்டும். மூன்று தேறாமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். எழுபத்து நான்கு வயதில் இதென்ன பிடிவாதம் என்று யாராவது கேட்டால், இரண்டோடு திரும்பினால் சோறு இறங்குவதில்லை என்பாள். அதிசயம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் அவள் ஊரான மட்சுமோட்டோவைச் சுற்றி நிற்கும் பனிமலைகளை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஊர் நடுவில் இருக்கும் கறுப்புக் கோட்டையும் கணக்கில் வராது. அதையெல்லாம் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸாக ஆள் வருகிறதே, நான் வேறு எதற்கு என்பது அவள் கட்சி. யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறையை வேறு யாரோ எடுத்து வேலிக் கம்பியில் மாட்டி வைத்திருந்தால் அது ஒன்று. ஆள் வராத நேரத்தில் முடிவெட்டும் கடைக்காரர் தன் தலையைத் தானே கத்தரித்துக்கொண்டிருந்தால் அது இன்னொன்று. அவளுக்கு இந்த மாதிரி போதும்.

போன மாதம் இந்தப் பிடிவாதம்தான் அவளை மாட்டிவிட்டது. அன்று மழை. மத்தியானம் வரை இரண்டுதான் தேறியிருந்தது. மூன்றாவதைத் தேடி ஆற்றைத் தாண்டிப் போனாள். அங்கே புதிதாகக் கட்டிய வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது சட்டென்று தலையிலிருந்து நழுவிவிட்டது. கைப்பேசியோ வீட்டில் சார்ஜில் கிடந்தது. தொலைவில் ஓமியா நகரத்தில் இருக்கும் மகள் ஷிஹோ பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்லிவிட்டாள். உடனே நகராட்சி ஒலிபெருக்கி ஊர் முழுக்க முழங்கியது. எழுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி, குள்ளமான உருவம், ஊதாக் குல்லாய், காணவில்லை. யாரோ பார்த்துத் தகவல் சொல்ல, போலீஸ்காரர் மொமோசே வந்து வண்டியில் ஏற்றி அவளை வீட்டு வாசலில் இறக்கினார். மறுநாள் காய்கறிக் கடைக்காரி உடம்பு தேவலையா என்று ரொம்பப் பிரியமாக விசாரித்தபோது நொபுயோவுக்கு மானமே போயிற்று.

ஷிஹோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவை போலீஸ்கிட்ட இருந்து எனக்கு போன் வரட்டும்மா. அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று நிதானமாகச் சொன்னாள்.

ஷிஹோவின் வீடு ஒன்பதாவது மாடி. ஒரு நடை போய்வர வேண்டுமென்றாலும் லிஃப்ட், கண்ணாடிக் கதவு, அதற்கு ஒரு ரகசிய எண். அந்த எண்ணை மறந்துவிடுவோம் என்று நொபுயோவுக்கு இப்போதே தெரியும். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டாள். வேறென்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து கைப்பேசியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கூடவே, தன்னைப் பற்றித் தகவல் சொன்ன அந்த முகம் தெரியாத ஆளை ஒரு மாதமாகக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். வேலை வெட்டி இல்லாத ஜென்மம், ஒரு கிழவி தெருவில் நின்றால் அதற்குப் பொறுக்காதா என்று.

இன்றைக்கு நவம்பர் குளிர். வெயில் இருந்தும் விரல் விறைத்தது. தெருவோர ஊற்றில் தண்ணீர் குடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே தண்ணீர் மொண்டு குடிக்க எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும் உலோகக் கரண்டியின் பிடிக்கு யாரோ சிவப்புக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டிருந்தார்கள். நேற்று இல்லை. ஊரில் எவருடைய விரலும் சில்லிடக் கூடாது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒருத்தி பின்னியிருக்கிறாள். நொபுயோ அந்தப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பிறகு, யார் என்று தெரியாததால், பொதுவாகத் தெருவைப் பார்த்து நன்றி சொன்னாள்.

இரண்டாவது அதிசயம் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே போகும் பெரிய சாலையில் கிடைத்தது. அந்தச் சாலை சிக்னல்களில் கண் தெரியாதவர்களுக்காக ஒலி உண்டு. வடக்கு தெற்காகக் கடக்கும்போது கோழிக்குஞ்சு கத்தும், கிழக்கு மேற்காகக் கடக்கும்போது குயில் கூவும். தினமும் கேட்டுக் கேட்டு யாரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் அங்கே ஒரு பெரியவர், கடுகு மஞ்சள் ஸ்வெட்டர், கழுத்தில் வெள்ளைத் துண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குஞ்சு கத்தியது, அசையவில்லை. குயில் கூவியது, முகமெல்லாம் சிரிப்பாகக் கடந்து போனார். நொபுயோவும் பின்னாலேயே போனாள். அடுத்த சிக்னலில் பொத்தானை அழுத்தினால்தான் ஒலி வரும். பச்சை விழுந்தது, ஒலி இல்லை, பெரியவர் நகரவில்லை. போகலாமே என்று நொபுயோ சொன்னதற்கு, "இன்னும் கூப்பிடலியே" என்றார். அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். அடுத்த பச்சைக்குக் குயில் கூவ, அவர் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கிழக்கே நடந்தார். நம்மைப் போல ஒரு பைத்தியம் இந்த ஊரில் இன்னொன்று இருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது மட்டும் அகப்படவில்லை. உள்ளே கீரை வைத்துச் சுட்ட ஒயாகி ரொட்டி ஒன்று வாங்கி, கோயில் பெஞ்சில் உட்கார்ந்து சூடாகப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் அவள் கை கழுத்துக்குத்தான் போனது. கைப்பேசி இருந்தது, அழைப்பு எதுவும் இல்லை. அப்பாடா என்று காதைக் கொடுத்தாள். எண்பத்து மூன்று வயது ஆண். மஞ்சள் ஸ்வெட்டர், கழுத்தில் வெள்ளைத் துண்டு. காலை எட்டு மணியிலிருந்து காணவில்லை.

ஒயாகியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வழி தெரியாமல் நின்ற மனிதருக்குப் பொத்தானை அழுத்தி, இன்னும் தூரமாக அனுப்பி வைத்திருக்கிறோமே என்று பதறினாள். உடனே போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் எங்கே போய்ச் சொல்வது? போலீஸ் பூத்தில் மொமோசே இருப்பார். அவரிடம் அவள் பெயர், முகவரி, ஷிஹோவின் எண் எல்லாம் இருக்கிறது. உள்ளே கால் வைத்தால் ஓமியாவுக்கு மணி அடிக்கும்.

பூத்தைத் தாண்டி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி தாண்டினாள். வேறு யாராவது பார்த்திருப்பார்கள், சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளுக்குள் இருந்தது. அவரைப் பார்த்தது இன்றைக்குத்தானா? நேற்றா? ஒரு மாதமாக அவளுக்கே அவள் மேல் நம்பிக்கை இல்லை. மூன்றாவது தடவை தாண்டும்போது அண்ணாந்து பார்த்தாள். சூரியன் மலை உச்சியை நெருங்கியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மொமோசே அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்பான மனிதர், ஆனால் அவசரக் குடுக்கை.

"வாங்கம்மா, உட்காருங்க. வழி தெரியலையா? பரவாயில்ல, நான் இருக்கேன்ல" என்றவர், அவள் வாயைத் திறப்பதற்குள் எண்ணை அழுத்தி, அம்மா இங்கே பத்திரமாக இருக்கிறார் என்று ஷிஹோவின் வாய்ஸ் மெயிலில் சொல்லியும்விட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது கதை. வெள்ளம் தலைக்கு மேல் போனவளுக்கு வரும் தைரியம் நொபுயோவுக்கு வந்தது.

"நான் தொலையல. நீங்க தேடுற மஞ்சள் ஸ்வெட்டர்காரரைப் பார்த்தேன். பெரிய சாலையில, காலைல பத்து மணிக்கு."

"இன்னிக்கா?" என்றார் மொமோசே. மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

"இன்னிக்குத்தான். ஊத்துல கரண்டிக்குக் கம்பளிச் சட்டை போட்டிருக்காங்க. நேத்து அது இல்ல. அதைப் பார்த்துட்டு வந்துதான் அவரைப் பார்த்தேன். வேணும்னா போய்ப் பாருங்க."

மொமோசே வரைபடத்தை விரித்தார். பெரியவரின் மகன், அப்பா எப்போதும் வடக்கே பழைய வீட்டுப் பக்கம்தான் போவார் என்று சொன்னதால், மத்தியானத்திலிருந்து அங்கேதான் சல்லடை போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"வடக்க போகணும்னா கோழிக்குஞ்சு கத்துறப்ப தாண்டணும். அவரு அதுக்கு அசையவே மாட்டேங்கிறாரு. குயில் கூப்பிட்டாதான் போறாரு" என்றாள் நொபுயோ. வரைபடத்தில் விரலை வைத்துக் கிழக்கே இழுத்தாள். "இங்க குயில் உண்டு. இங்கயும் உண்டு. இந்தப் பாலத்துக்கு அந்தாண்ட ஒண்ணு. அதுக்கு அடுத்தது, மூடிக் கிடக்குதே பெட்ரோல் பங்க், அந்த முக்குல இருக்கிறது ஊமை சிக்னல். அங்கதான் நிப்பாரு."

இதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ஆள் கிடைத்துவிட்டார். பெட்ரோல் பங்க் முக்கில் சிக்னல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. பச்சை வந்து வந்து போகிறது, எதிர்ப்பக்கம் நிற்கும் வண்டிக்கு வரச் சொன்னால் இன்னும் கூப்பிடவில்லை என்கிறார், என்ன செய்வது என்று அந்த இளம் போலீஸ்காரர் கேட்டார். மொமோசே நொபுயோவைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள்.

"நீயே கூவுப்பா" என்றார் மொமோசே வயர்லெஸ்ஸில்.

வயர்லெஸ் கரகரத்தது. பிறகு நடுச்சாலை இரைச்சலுக்கு நடுவே, வெட்கத்தோடு, ஓர் ஆண் குரல் குயில் மாதிரி கூவியது. இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. தாண்டிட்டாரு, தாண்டிட்டாரு என்று சத்தம் வந்தது. மொமோசே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார், ரொம்ப நேரம் சரிசெய்தார். நொபுயோ வெளிப்படையாகவே அழுதாள்.

அழுது முடித்ததும், போன மாதம் தன்னைப் பற்றிச் சொன்னது யார் என்று கேட்டாள். பெயர் சொல்லக் கூடாது என்றார் மொமோசே. ஆனால் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு நினைவிருந்தது.

"'ஒரு அம்மா, எங்க வீட்டுத் தொட்டிச் செடியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஷூவெல்லாம் நனைஞ்சு போச்சு, பாவம், சீக்கிரம் வாங்க'ன்னு சொன்னாங்க. நான் வர்ற வரைக்கும் ஜன்னல்ல நின்னு உங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க."

நனைந்த ஷூ வரைக்கும் பார்த்த ஒருத்தரையா ஒரு மாதம் கரித்துக் கொட்டினோம் என்று நொபுயோவுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து நின்று, அந்த வீடு எந்தத் திசை என்று மொமோசேயிடம் கேட்டு, அந்தப் பக்கமாக இடுப்பு வளையக் குனிந்தாள். குனிந்தவள் சீக்கிரம் நிமிரவில்லை.

அப்போது ஷிஹோ பூத்துக்கு அழைத்தாள். நடந்ததை மொமோசே ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, நொபுயோவின் கையில் போனைக் கொடுத்தார்.

"பூத்துக்குள்ள போனா எனக்கு போன் வரும்னு உனக்குத் தெரியும்தானேம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போனே?"

"அவருக்குக் கோட்டு இல்லடி. வெறும் ஸ்வெட்டர்."

ஷிஹோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது கௌரவம் என்று நொபுயோவுக்குத் தோன்றியது. சொன்ன சொல் சொன்னதுதான், துணிமணி எடுத்து வைக்கிறேன் என்றாள்.

"ஒண்ணும் எடுத்து வைக்காதே. சனிக்கிழமை நான் வரேன். தினமும் எங்கெங்க போறியோ அங்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போ. எங்க நிப்பே, எதைப் பார்த்துட்டு நிப்பே, எல்லாத்தையும் காட்டு."

"உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"ஒருநாள் நீ நெஜமாவே தொலைஞ்சு போவேம்மா. அன்னிக்கு எங்க வந்து தேடணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

நொபுயோ நாற்காலியில் உட்கார்ந்தாள். இதை இத்தனை நாள் யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சும் நிறைந்திருந்தது.

"அப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துடு" என்றாள். "ஒருநாள்ல முடியாது."