முதல் பக்கத்திலேயே கைது

அச்சகத்தில் அவரை எல்லோரும் மடிப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். தாள் மடிப்பது அவர் வேலை. இருபது வருஷம் காகிதக் கட்டு சுமந்து இடுப்பு விட்டுப்போன பிறகு மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பதைத் தாண்டித்தான். கற்ற சூட்டோடு கையில் கிடைத்ததைப் படித்தார். கிடைத்தது, மாடி அறையிலிருந்து வரும் ஒரு சின்னப் பத்திரிகை. பாதி மர்மக் கதை, பாதி விஞ்ஞானக் கதை. பெரிய தாள் ஒன்றுக்கு ஒரு கதை, நாலு பக்கம்.

தாளை மேசையில் விரிப்பார். மேலே தெரிகிற இரண்டு பக்கத்தை இடமிருந்து வலமாகப் படிப்பார். புரட்டிப் போட்டு அடுத்த இரண்டையும் படிப்பார். பிறகு நடுவில் ஒரு மடிப்பு, மரக்கட்டையால் ஒரு இழுப்பு. மடித்தது கட்டாகி, தைப்பதற்கு வேறு தெருவுக்குப் போய்விடும். தைத்து முடித்த பத்திரிகையை ஆறு வருஷத்தில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

விரித்த தாளில் இடதுபுறம் இருப்பது கதையின் நாலாம் பக்கம், வலதுபுறம்தான் முதல் பக்கம். மடித்தால்தான் வரிசை சரியாகும். இது மடிப்பண்ணனுக்குத் தெரியாது. மூலையில் இருக்கும் எண்களை மிஷின்காரர்களின் சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டார். மர்மக் கதை என்றால் முதலில் கைது, பிறகு அறிமுகம், பிறகு கொலை, கடைசியில் விசாரணை என்று நம்பினார். தலைப்பு கைதுக்குப் பிறகு வருவதும் அவருக்கு விசித்திரமாகப் படவில்லை. சினிமாவில்கூட ஒரு சண்டை முடிந்துதானே பெயர் போடுகிறார்கள்!

வீட்டில்தான் வம்பு. அவர் மனைவி ஊரார் துணியை வாங்கி இஸ்திரி போடுகிறவள். மர்மக் கதை என்றால் உயிர். ஆனால் சாயங்காலம் இவர் வந்து உட்கார்ந்து, "டாக்டரைக் கொன்னது தோட்டக்காரன்தான். இப்போ கதையைக் கேளு" என்று ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏங்க, நீங்க கதை சொல்றீங்களா, தீர்ப்பு சொல்றீங்களா? கொன்னவன் யாருன்னு தெரிஞ்ச பிறகு அவன் காபி குடிச்சா எனக்கென்ன, குளிச்சா எனக்கென்ன?"

"அதுல அப்படித்தான் போட்டிருக்கு. நான் என்ன பண்ண?"

ஆறு வருஷமாக ஒரு கதையையும் அவள் கடைசிவரை கேட்டதில்லை. மடிப்பண்ணனுக்கு இது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒருநாள் வீறாப்பாகச் சொன்னார்.

"நானே ஒண்ணு எழுதறேன். அச்சுல வரும். அதையாவது முழுசாக் கேப்பியா?"

"மர்மக் கதைன்னா கேக்கறேன். ஆகாயத்துல பறக்கிறவன் கதைன்னா வேண்டாம். தரையில இருக்கிறவன் பண்ற அக்கிரமமே எனக்குப் போதும்."

இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். கணக்காக நாலு பக்கம். ஒன்றில், பூட்டுக்கடை முதலாளியைக் கொன்ற தையல்காரர் கைது. இரண்டில் தலைப்பு, அதன் கீழே முதலாளி டீ குடித்தபடி மச்சினனையும் கணக்குப்பிள்ளையையும் தையல்காரரையும் வசை பாடுகிறார். மூன்றில், உள்ளே பூட்டிய கடைக்குள் பிணமாகக் கிடக்கிறார். நாலில், இன்ஸ்பெக்டர் கொலைகாரனைத் தேடுகிறார்.

மாடியில் பத்திரிகை ஆசிரியர் அதைப் படித்தார். முதல் பக்கத்தில் சும்மா இருந்தார். இரண்டில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நாலாவதை முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"அண்ணே! செத்தவன் எழுந்து டீ குடிக்கிறான். மறுபடி சாகறான். கைது பண்ணின ஆளையே இன்ஸ்பெக்டர் திரும்பத் தேடறாரு. காலச் சக்கரத்துல மாட்டிக்கிட்டாரு! எப்படிண்ணே தோணுச்சு உங்களுக்கு?"

"சார், அவரு எதுலயும் மாட்டலை. சாதாரண மர்மக் கதை. நீங்க போடறீங்களே, அதே மாதிரிதான்."

"நான் எங்க இப்படிப் போட்டேன்?"

ஆசிரியர் தைத்த பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டினார். மடிப்பண்ணன் புரட்டினார். முதலில் அறிமுகம். கடைசியில் கைது. இன்னொன்றை வாங்கிப் புரட்டினார். அதுவும் அப்படியே. தன் கையால் மடித்த தாள், தனக்கே பெப்பே காட்டிவிட்டது. காது மடல் வரை சூடேறியது.

"குடுங்க சார், வரிசையை மாத்திடறேன்."

"மாத்தினீங்கன்னா போட மாட்டேன்" என்று ஆசிரியர் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டார். "மர்மக் கதை அலமாரி நிறைய அறுபது கிடக்கு. விஞ்ஞானக் கதைக்குத்தான் நான் நாயா அலையறேன். இப்படியே விட்டா இந்த இதழ்லயே வரும்."

மடிப்பண்ணன் நின்றார். அச்சில் வர வேண்டும். மனைவியும் கேட்க வேண்டும். இப்போது ஒன்றுதான் நடக்கும் போலிருந்தது. "சரி, போடுங்க சார்" என்று இறங்கி வந்தார். அன்றைக்கு மடித்ததெல்லாம் கோணல்.

பத்து நாளில் அவர் கதை மேசைக்கு வந்தது. அவசர வேலை. படிக்க நேரமில்லை. மை இழுபட்டு ஒதுக்கிய தாள் ஒன்றை மட்டும் சுருட்டிக்கொண்டு, தொங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போனார்.

"மை கையில ஒட்டுதுங்க" என்று அவர் மனைவி அதை வாங்கித் துணிக் கொடியில் கிளிப் போட்டு விரித்துத் தொங்கவிட்டாள். அவள் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். அவர் பக்கத்தில் வலதுபுறம், கைதுக்கு மேலேயே, கொட்டை எழுத்தில் 'விஞ்ஞானக் கதை' என்றிருந்தது. எப்போது திட்டு விழும் என்று காத்திருந்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் தலைப்பைப் படித்தாள். டீ குடிக்கும் முதலாளியைப் படித்துச் சிரித்தாள். "இவன் நம்ம வாடகை வீட்டுக்காரன் மாதிரியே பேசறான்." அடுத்த பக்கத்துக்குப் போனாள். பிறகு ஒரு கூச்சல்.

"ஐயையோ, செத்துட்டானா! கதவு வேற உள்ள பூட்டியிருக்கு. ஏங்க, யாரு கொன்னது?"

மடிப்பண்ணன் தன் பக்கத்தைப் பார்த்தார். இடதுபுறம் விசாரணை. வலதுபுறம் கைது. அவளுடையதைப் படித்துவிட்டு இதைப் படித்தால், கதை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது! பழக்கதோஷத்தில் 'தையல்...' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்களேன்!"

"இந்தப் பக்கம் வந்து நீயே படி."

இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அவள் கொடிக்கு அடியில் குனிந்து வந்தாள். கடைசி வரி வரை படித்தாள்.

"அட, தையல்காரனா! நான் மச்சினன்னுல்ல நெனச்சேன். நல்லாத்தாங்க எழுதியிருக்கீங்க." அப்போதுதான் கொட்டை எழுத்து அவள் கண்ணில் பட்டது. "அது சரி, விஞ்ஞானக் கதைன்னு போட்டிருக்கே? இதுல விஞ்ஞானம் எங்க இருக்கு?"

"அது மடிச்சாத்தான் வரும்" என்றார் மடிப்பண்ணன்.