நாலு விரல்

செங்கல்பட்டுப் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த போட்டோக் கண்காட்சியில் தன் படத்தின் முன்னால் நின்ற எல்லம்மாள் தன்னைப் பார்க்கவே இல்லை. தலையில் உப்புக்கூடையோடு அவள் நிற்கும் அந்தப் படத்தைத்தான் காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கீழே 'உழைப்பின் கம்பீரம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. கம்பீரமாவது ஒன்றாவது, அன்றைக்குக் கழுத்துவலியில் உயிர் போனது அவளுக்கல்லவா தெரியும்!

அவள் தேடி வந்தது தனகோடியை. ஐம்பத்தாறாம் வருஷம் மாசியில் போட்டோக்காரர் தேசிகன் கேளம்பாக்கம் உப்பளத்துக்கு வந்தபோது, மூன்று வயது மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். சித்திரையில் அம்மை கண்டு போய்விட்டாள். குழந்தைக்கு வேறு படம் கிடையாது. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஏசுதாஸ் அவள் ஊர்க்காரன். "உன் படம் செவுத்துல மாட்டிகீது" என்று அவன் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தின் ஓரத்தில், முந்தானை நுனியில், நாலு விரல் தெரிந்தது. அதோடு படம் முடிந்துவிட்டது.

அவள் வீட்டில் காலண்டர் சாமி படம் சட்டத்துக்குள் அடங்காததால், ஓரத்தைப் பின்னால் மடித்துத்தான் மாட்டியிருந்தது. சாமியை யாராவது வெட்டுவார்களா?

"அண்ணாத்த, இத்த எறக்கேன். கொழந்தய பின்னால மடிச்சி வச்சிகீறாங்க."

ஏசுதாஸ் இறக்கித் திருப்பினான். பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அவள் நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினாள். தேசிகன் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றே? கிழிச்சுடாதே!"

"எம் பொண்ணு சாமி. உள்ள கீறா."

தேசிகன் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பரிசு வாங்கின படம். குழந்தையை முழுசாக நீக்கிவிட்டதாகத்தான் இதுவரை அவர் நினைப்பு. அந்த விரல்களைத் துணி மடிப்பு என்று எண்ணியிருந்தார்.

"நீ தனியா நின்னா நன்னா இருக்கும்னு அந்தப் பக்கத்தை விட்டுட்டேம்மா. பிலிம்ல இருக்கா. போட்டுத் தரேன்."

"மூஞ்சி வந்துகீதா சாமி?"

அவருக்கு ஞாபகம் வரவில்லை. குழந்தை அசைந்துகொண்டே இருந்தது மட்டும் நினைவிருந்தது. "பார்க்கணும்மா" என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஏசுதாஸ் படத்தை மறுபடி மாட்டப் போனான். பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு கட்டுமரப் படம்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் வுட்டு மாட்டு அண்ணாத்த."

ஏசுதாஸ் தேசிகனைப் பார்த்தான். அவர் தானே போய்க் கட்டுமரத்தைக் கழற்றினார்.

எல்லம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நாலு விரலுக்கு அப்பால், ஒரு முழம் அகலத்துக்கு, சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்.