மேடத்தின் இடது கை

நூலகத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுப்படாமல் போனதற்கு முழுப் பொறுப்பு நான்தான். அந்தப் பெருமையில் எனக்குப் பங்காளி யாரும் கிடையாது.

எங்கள் நகர்மன்றத் தலைவர் எல்லோருக்கும் மேடம். எந்த விழாவுக்குப் போனாலும் கைப்பையில் ஒரு பழைய கத்திரிக்கோல் இருக்கும். பிடியில் சாயம் உரிந்து, தையல்கடைக்காரர் வேண்டாமென்று தூக்கிப் போட்டது மாதிரி. மேடை, மைக், தண்ணீர் பாட்டில் எல்லாம் பார்த்துக்கொள்ளும் உதவியாளன் நான். தேர்தல் நேரம், கேமராக்கள் வரும், இந்த அவலட்சணம் எதற்கு என்று அதை எடுத்து அலுவலக இழுப்பறையில் போட்டுவிட்டேன். தங்கப் பூச்சுப் பூசிய புதுக் கத்திரிக்கோலைத் தட்டில் வைத்து, மாப்பிள்ளைத் தோழன் தோரணையில் நீட்டினேன்.

மேடம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கையில் எடுத்தார். ரிப்பன் கத்திரியின் வாய்க்குள் மடங்கிப் போய், சப்பிய மாதிரி முழுசாக வெளியே வந்தது. இன்னொரு முறை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது முறை மேடம் முடிச்சை அவிழ்த்துவிட்டு, "உள்ள வாங்க, புத்தகம் காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

மேடம் இடது கைக்காரர் என்பது எனக்குத் தெரியும். கத்திரிக்கோலுக்கும் கை உண்டு, அந்தப் பழசு இடது கைக்கென்றே அலகை மாற்றிப் பொருத்திச் செய்தது என்பதுதான் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். என் கண் முகத்துக்கு அழகுக்காக வைத்தது போலிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எல்லார் செல்போனிலும் ஓடியது. எதிர்த்து நிற்கும் மரக்கடை முதலாளி மேடை போட்டுக் கேட்டார்: "ஒரு ரிப்பனை வெட்டத் துப்பில்லாத பீச்சாங்கை, ஊரை எப்படிங்க நிமித்தும்?"

மேடம் தோற்றால் அது என்னாலா? இதை நான் கேட்காத ஆள் இல்லை. மனைவி, "முதல்ல சாப்பிடுங்க" என்றாள். டிரைவர், "சீட் பெல்ட்டப் போடுங்கண்ணே" என்றார். மேடத்திடமே கேட்டேன். "டீ சொல்லட்டுமாண்ணே?" என்றார். என்னைவிட இளையவர், கட்சிக்காரர்கள் என்னை 'யோவ்' என்று கூப்பிடும் இடத்திலும் அவருக்கு நான் அண்ணன்தான்.

குற்ற உணர்ச்சியில் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். பெரிய பெரிய நாடுகளை ஆண்டவர்களில் இடது கைக்காரர்கள் இத்தனை பேரா என்று அசந்துபோனேன். கையெழுத்துப் போடும் படங்களாகத் தேடி, அச்செடுத்து மேடத்தின் மேஜையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாரும் மணிக்கட்டை எப்படி வளைச்சிருக்காங்க பாருங்க. எழுதினது கலையாம இருக்க. பள்ளிக்கூடத்துல ஸ்கேலால அடிச்சு வளைஞ்ச கையும் இதுல இருக்கும்" என்றார். அவர் விரல் முட்டியிலிருந்த வெள்ளைத் தழும்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிரசாரத்தின் கடைசி நாள், நகர மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்கொரு வாக்குறுதியைப் பலகையில் தங்கள் கையால் எழுத வேண்டும். தேர்தல் ஆலோசகர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "வலது கையாலதான் எழுதணும். கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா அஞ்சு வருஷம் நம்ம கையில." பயிற்சி கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மேடம் பக்கம் பக்கமாக எழுதினார். எழுத்துக்கள் காய்ச்சலில் எழுந்து நடப்பவை போலத் தள்ளாடின. துணைக்கு நானும் வீட்டில் இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுப் பார்த்தேன். "உங்களுக்கு வலது கையே உருப்படியா வேலை செய்யாது, இதுல இது வேறயா?" என்று மனைவிதான் போட்டுவிட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மரக்கடை முதலாளி எழுதிவிட்டுக் கைதட்டலோடு உட்கார்ந்தார். மேடம் பேனாவை வலது கையில் எடுத்தார். ஒரே ஓர் எழுத்து. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனா கை மாறியது. எனக்குப் பக்கத்தில் ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார்.

'எல்லாத் தெருவுக்கும் குடிநீர்க் குழாய்' என்று மேடம் விறுவிறுவென்று எழுதினார். அவசரத்தில் மணிக்கட்டை வளைக்கவில்லை. ஈர மையின்மேல் கை தேய்ந்து 'தெரு' கலங்கிப்போயிற்று. பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. மேடம் திரும்பி, விரல்வரை நீலம் அப்பிய உள்ளங்கையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"அழுக்குக் கைன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டேன். இது எழுதின கை. எழுதினா மை ஒட்டும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கைதட்டலும் பெரிதாக வரவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒருவர், தொடைக்கடியில் வைத்திருந்த இடது கையை மெதுவாக எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது மேடம் கார் ஜன்னல் கண்ணாடியில் இடது கையை ஊன்றிச் சாய்ந்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"டீயெல்லாம் வேணாம், மேடம். தேர்தல்ல தோத்தா, அது என்னாலயா?"

டிரைவர் கண்ணாடி வழியாக என்னை முறைத்தார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஆமாண்ணே. கொஞ்சம் உங்களால. அன்னைக்கு எனக்குக் கோவந்தான்" என்றார். "அந்த ரிப்பனால ஒரு நூறு ஓட்டுப் போகும். இந்தக் கையைப் பார்த்துப் போற ஓட்டு, நான் முதல்ல நின்னதுலேர்ந்து போய்க்கிட்டுத்தான் இருக்கு. அதையும் சேத்து நீங்க சுமக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். அங்கே ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அவற்றின் வழியாகத் தெரு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின.