கிலோமீற்றர் கல்லுக்கு ஒரு குழை

நேர்த்தி வைத்தது நான். நடக்க வேண்டியது அவர். வவுனியா ஆஸ்பத்திரியில் என் கணவர் சின்னராசா நெஞ்சுவலியோடு கிடந்தபோது, "தாயே, இந்த மனிசனைக் காப்பாத்தித் தா, மல்லாவியிலயிருந்து உன்ர வாசல் மட்டும் நடத்திக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று வாயை விட்டுவிட்டேன். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள்.

நடக்கலாம், ஆனால் அடிக்கடி குந்தி இருந்து களைப்பாறித்தான் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனிசன் இருந்தால்தானே! விடியற்காலை வெளிக்கிட்டதிலிருந்து காட்டுப்பாதையில் எனக்கு முன்னால் விறுவிறு என்று போகிறார்.

"இஞ்சாருங்கோ, அந்த மரத்துக்குக் கீழ கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."

"எனக்கென்ன, ஏலாமக் கிடக்கே? நீ வேணுமெண்டால் இரு."

பழைய குளக்கட்டுக்கு அப்பால் இடிபாடுகள் தொடங்கின. எந்தக் காலத்தில் யார் கட்டியதோ, செங்கல் மேடுகளைப் பிளந்துகொண்டு பாலை மரங்கள் நின்றன. கருங்கல் தூண்கள் பற்றைக்குள் சாய்ந்து கிடந்தன. அங்கேதான் புதுத் தொல்லை பிடித்தது. காட்டுவழி போகிறவர்கள் இலைக்கொத்தாக ஒரு பச்சைக் குழையை முறித்துக் கல்லடியில் வைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கல்லுக்கு வைத்தால் போதும். இவரோ தூணுக்குத் தூண் குழை வைத்தார். கண்ணை மூடினால் இலேசில் திறக்கவும் மாட்டார். வீட்டில் சாமிப்படத்துக்கு ஒரு பூ வைத்தறியாத மனிசன்!

"இப்பிடிக் கும்பிட்டால் பூசைக்குப் போய்ச் சேரமாட்டம்."

"கல்லைக் கண்டிட்டுச் சும்மா போகேலுமே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கச் சொன்னால் நேரமில்லை, கும்பிட மட்டும் நேரமிருக்கிறது.

தார் றோட்டுக்கு ஏறியதும் குழையோடு ஒரு வெள்ளைக் கல்லின் முன்னால் போய் நின்றார்.

"ஐயோ, அது கிலோமீற்றர் கல்லப்பா! நம்பர் எழுதிக் கிடக்கிறது தெரியேல்லையே?"

கண்ணை மூடிவிட்டார். நன்றாக ஏசுவதற்காகவே கிட்டப் போனேன். ஒரு கையால் கல்லை இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து, நெஞ்சு ஏறி இறங்கியது. வாய் பிள்ளையாரைக் கூப்பிடவில்லை, மூச்சைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

"ஒரு ஓட்டோவை மறிக்கட்டே?"

"உனக்கென்ன விசரே? நீ அம்மனுக்குக் குடுத்த வாக்கெல்லோ."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஏலாது என்று ஒரு சொல் சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை பிள்ளையாரை உண்டாக்கிவிட்டார் இந்த மனிசன்!

அதற்குப் பிறகு கல் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் வயல்வெளி. அவருடைய கண் வரம்பு வரம்பாகத் தேடுவதைப் பார்த்தேன். பூவரசில் ஒரு குழையை முறித்து, வாய்க்கால் கரையில் நிழலுக்குள் கிடந்த உடைந்த சீமெந்துக் கட்டியில் வைத்தேன்.

"இஞ்சை வாங்கோ. கும்பிட்டிட்டு ஆறுதலாப் போவம்."

அவர் கட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது வாய்க்கால் கட்டின சீமெந்தெல்லோ?"

"கதைக்காமல் இருந்து கும்பிடுங்கோ."

அன்றைக்கு முதல் தடவையாக மனிசன் இருந்தார்.