தட்டிக்கு அந்தப்பக்கம் அழுதவள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு தட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதில் ஆரம்பித்தது. அந்தக் காலத்து டாக்கிக் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே மூங்கில் தட்டி வைத்து மறைத்திருப்பார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகக் கிளம்பி வந்து, ஆளுக்கொரு வாசலில் நுழைந்து, படம் விட்டதும் வெளியே ஒருவரையொருவர் தேடிப்பிடித்து வீடு போய்ச் சேருவார்கள். அப்படியென்றால் இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்தானா? இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு ஆறிப்போவது தெரியாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"1937, தை மாதம். வைகையில் வெள்ளம் இருகரையும் தொட்டு—"

[தை மாதத்தில் வைகையில் ஏது அவ்வளவு தண்ணீர்? வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அடிக்கவும் மனமில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது.]

2

சோணைமுத்து மதுரைக்கு மேற்கே கோச்சடைக் கிராமத்தில் வயல் வேலைக்குப் போகிறவன். தங்கப்பொண்ணு அவன் தாய்மாமன் மகள், கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்கும் சினிமாப் பைத்தியம். அறுப்பு முடிந்து பொங்கலும் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் காட்சிக்கு மதுரை டவுனுக்கு நடந்தே வந்தார்கள்.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. படம் பார்த்துத் திரும்புகிற வழியில், ஊர் வருவதற்குள், மனசில் பட்டதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். போன படத்தில் வாள் சண்டை பிரமாதம் என்று அவன் குதித்தான். "ராசாவுக்கு ஒரு பக்கத்து மீசை கழண்டு தொங்குச்சே மச்சான், அதப் பாக்கலையா நீ?" என்று கேட்டு அவள் அந்தச் சண்டையையே கவிழ்த்துவிட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. மீசை தொங்கியது உண்மைதான் என்பதால் சிரிப்பும் வந்தது.

[தங்கப்பொண்ணை நான் முதலில் சாதுவாகத்தான் எழுதினேன். அந்த மீசையைப் பார்த்ததிலிருந்து என் சொல்பேச்சு கேட்பதில்லை.]

3

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். மலேயா ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி விருமாண்டி ஊருக்கு வந்திருக்கிறார். மூன்று வருஷ வேலை, இந்தத் தடவை ஆண்கள் மட்டும். செவ்வாய்க்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும். அறுப்பு முடிந்துவிட்டதால் சோணைமுத்துவுக்கு இனி நாலு மாசம் வேலை கிடையாது. அதைவிட, கப்பலைப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் இவளை விட்டுவிட்டு எப்படி? கேட்க வாய் வரவில்லை.

அப்போதுதான் இந்தப் படம் வந்தது. புருஷன் கப்பலேறிப் போகிறான், பெண்டாட்டி பன்னிரண்டு வருஷம் வாசலில் நின்று காத்திருக்கிறாள். முன்னமே பார்த்துவிட்டு வந்த கூட்டாளி சின்னான் கதையைச் சொன்னதும் சோணைமுத்து ஒரு கணக்குப் போட்டான். இவளைக் கூட்டிப்போய் உட்காரவைப்போம். அழுதால் காத்திருப்பாள்.

ஆனால் நடுவே தட்டி இருக்கிறதே? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கதாநாயகி வாசலில் நின்றபடி ஏழாவது பாட்டைப் பாடும்போது அந்தப்பக்கம் ஒரே விசும்பல். நடுவே ஒரு விக்கல். தங்கப்பொண்ணு அழுதால் விக்கல் எடுக்கும், அது அவனுக்குத் தெரியும். நம்மவள் காத்திருப்பாள் என்று நினைத்த மாத்திரத்தில் சந்தோஷம் தாங்காமல் அவனும் அழுதான். படம் முடிவதற்குள் மனசால் கப்பலேறிவிட்டான்.

[இருநூறு பெண்களுக்கு நடுவே ஒரு விக்கலை அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கேட்டதும் அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம், மறுக்க எனக்கு மனம் வரவில்லை.]

4

வைகைக் கரையோரமாக மேற்கே நடந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"ரொம்ப அழுதியா புள்ள?" என்றான்.

"நானா? எதுக்கு?"

"விக்கல் கேட்டுச்சே."

"அது சிரிப்ப அடக்குனதுல வந்த விக்கல் மச்சான். சுத்தி அம்புட்டுப் பேரும் அழுகுறாக, நான் மட்டும் சிரிச்சா விடுவாகளா? முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சோணைமுத்து நின்றுவிட்டான். "சிரிக்க அதுல என்ன இருக்கு?"

"பன்னண்டு வருசமா வாசல்லயே நிக்கிறாளே, எப்ப உலை வச்சா, எப்பக் கூலிக்குப் போனா? கட்டுன சேலைகூடக் கசங்கல. அவன் என்னடான்னா பிச்சைக்காரன் வேசத்துல வந்து சோதிச்சுப் பாக்குறான். நானா இருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பேன்." அவளுக்கு மறுபடி சிரிப்பு பொங்கியது. "நீ சொல்லு. ஒனக்கு எப்படி?"

பொய் சொல்ல வழியில்லை. தான் அழுததைச் சொன்னான். ஏன் அழுதான் என்பதையும், கங்காணியையும், செவ்வாய்க்கிழமையையும், இந்தப் படத்துக்கு அவளைக் கூட்டிவந்த காரணத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப நீயும் வேசம் போட்டுத்தான் என்னக் கூட்டியாந்திருக்க."

அவன் குனிந்து மணலைப் பார்த்தான்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: அவன் போகிறான், அவள் காத்திருக்கிறாள். "வாசலில் நின்ற தங்கப்பொண்ணு—" என்று எழுதிப் பார்த்தேன். அந்த வரியில் அவள் இரண்டு சொல்லுக்கு மேல் நிற்க மாட்டேன் என்கிறாள்.

இரண்டு: அவன் போகவில்லை, வாராவாரம் சினிமாவுக்குப் போகிறார்கள். இனிப்பாக இருக்கிறது. திங்கட்கிழமை அடுப்பில் என்ன வேகும் என்று யோசித்தால் கசக்கிறது.

மூன்று: சேர்ந்து கப்பலேறுகிறார்கள். குஷியில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். பிறகுதான் ஆண்கள் மட்டும் என்று மேலே நானே எழுதித் தொலைத்தது ஞாபகம் வந்தது.

இந்த மூன்றையும் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என்னைக் கேட்காமலே தங்கப்பொண்ணு பேசிவிட்டாள். எழுதுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு கிடையாது.

"மச்சான், நான் கேக்குறதுக்கு உள்ளதச் சொல்லு. மாத்தி வச்சுக்குவோம். நான் கப்பல் ஏறுறேன். நீ இங்க இரு. ஒத்தையா உலை வச்சு, ஒத்தையா தின்னு, ஒத்தையாப் படம் பாத்துட்டு வா. மூணு வருசம். இருப்பியா?"

சோணைமுத்து வாயைத் திறந்தான்.

அவன் பதிலை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். "இருப்பேன்" என்று எழுதினால் எனக்கே நம்பிக்கையில்லை. "மாட்டேன்" என்றால் செவ்வாய்க்கிழமை அவன் எந்த முகத்தோடு கங்காணி முன்னால் போவான்? அவன் உங்களைத்தான் பார்க்கிறான். நீங்களே சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் ரொம்ப நேரம் நிற்கிறவள் இல்லை.