சிக்ஸ்டனின் முதல் விதி

சிக்ஸ்டன் எக்டால் ட்ரோல்ஹெட்டான் கார் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். எந்தப் பிரிவில் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சம்பளப் பிரிவில். ஆனால் அங்கே தயாரான பழைய சாப் கார்களை வைத்திருப்பவர்கள் சங்கத்தின் காலாண்டு இதழில் பன்னிரண்டு வருடமாக 'சிக்ஸ்டன் சொல்கிறேன்' என்று ஒரு பக்கம் எழுதி வருகிறார். படிக்கிறவர்கள் அந்தக் காரை வடிவமைத்ததே இவர்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் பெரிய மனது பண்ணி அந்த நினைப்பைக் கெடுப்பதில்லை.

அவருக்கு உயிரான விஷயம் ஆக்ஸில். எஞ்சினின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரண்டு எஃகுத் தண்டுகள். சக்கரப் பக்கம் ஒரு மூட்டு, அதற்குள் ஆறு குண்டுகள், நிறைய கிரீஸ். கிரீஸ் வெளியே வராமலும் அழுக்கு உள்ளே போகாமலும் காக்க, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் கவர். தேய்ந்துபோனால் கடையில் புது ஆக்ஸில் வாங்கி அரை நாளில் மாட்டிவிடலாம். அப்படி மாட்டுகிறவன் மனிதனே இல்லை என்பது சிக்ஸ்டனின் கட்சி. கம்பெனி கொடுத்த பழைய ஆக்ஸிலையே கழற்றிக் கழுவி, வீட்டில் வைத்துத் திரும்பக் கோக்க வேண்டும். அதற்குப் பதினான்கு விதிகள் எழுதியிருந்தார். முதல் விதி, மூட்டைப் பொருத்துவதற்கு முன் ரப்பர் கவரைத் தண்டில் நுழைத்துவிட வேண்டும். மூட்டு 'டக்' என்று உட்கார்ந்துவிட்டால் பிறகு கவருக்கு வழி கிடையாது.

இதை மறப்பவர்களுக்கென்றே ஒரு பரிசும் வைத்தார். பழைய ரப்பர் கவர் ஒன்றுக்குத் தங்க பெயிண்ட் அடித்து, மரக்கட்டையில் ஆணியடித்து, ஒவ்வொரு ஆகஸ்டிலும் சங்கத்தின் ஏரிக்கரைக் கூட்டத்தில் அந்த வருடத்து அசடுக்குத் தன் கையாலேயே வழங்குவார். கூடவே ஒரு கேலிப் பேச்சு.

போன ஆகஸ்டில் பரிசு அவருடைய மகன் ரிக்கார்டுக்குப் போனது. ரிக்கார்ட் கவரை மறந்துவிட்டு, அதைப் போனில் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொல்லியிருந்தான். வேறு யாருக்கும் தெரியாது. அதை எண்பது பேர் முன்னால் போட்டு உடைத்தார் சிக்ஸ்டன். அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும்.

“இவன் என் பிள்ளையாம்!” என்றார் மைக்கில். “பிரசவ ஆஸ்பத்திரியில தொட்டில் மாறிடுச்சோன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். இன்னைக்குத் தீர்ந்துபோச்சு!”

எண்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரிக்கார்ட் பரிசை வாங்கிக்கொண்டான், கை குலுக்கினான். அடுப்பில் தொத்திறைச்சி திருப்பிப் போடுவதற்குள் மனைவியையும் மகள் தில்டாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அதன் பிறகு ஒன்பது மாதமாக அப்பாவோடு பேச்சே இல்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வார்த்தையில் ஒரு வாழ்த்து வந்தது, அதுவும் அம்மாவின் போனுக்கு.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சிக்ஸ்டனுக்கு. பிடுங்கிக்கொள்ளாமல் ஒரு திட்டம் போட்டார். தன் சாப் காரின் ஆக்ஸில்களைப் புதுப்பிப்பது. புதுப்பித்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கிற சாக்கில் லிட்சோப்பிங் வரை போகலாம். லிட்சோப்பிங்கில் தற்செயலாக ரிக்கார்டின் வீடு இருக்கிறது.

“என் வண்டி வாசல்ல சும்மாதானே நிக்குது. எடுத்துட்டுப் போயிட்டு வாயேன்,” என்பாள் மனைவி குன்வோர். அவளுடையது பேட்டரியில் ஓடும் கார்.

“அதுல போனா மன்னிப்புக் கேக்கப் போன மாதிரி இருக்கும்.”

“நீ போறது எதுக்காம்?”

“வண்டியை ஓட்டிப் பாக்க.”

“முப்பத்தொரு வருஷம் ஊருக்கே சம்பளம் கணக்குப் போட்டே. உனக்கு ஒரு கணக்கு வரலியே, சிக்ஸ்டன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கராஜில் இடது ஆக்ஸில் முடிந்துவிட்டது. சமையலறையிலிருந்து அனுமதி கேட்காமல் எடுத்து வந்த ரொட்டித் தட்டில், வலது மூட்டின் ஆறு குண்டுகளும் பளபளவென்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தாரோ அதே பள்ளத்தில் வைத்தார். கிரீஸை விரலால் அமுக்கி அமுக்கி நிரப்பினார். தண்டைச் செருகி, மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். 'டக்.' காதுக்கு இனிய சத்தம். இந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் அடுத்த இதழில் அரைப்பக்கம் எழுதலாம் என்று நினைத்தபடி காபிக் கோப்பையை எடுக்கத் திரும்பினார்.

கோப்பையின் பக்கத்தில், மேசை மேல், புத்தம் புதிதாக ரப்பர் கவர் உட்கார்ந்திருந்தது.

சிக்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அங்கேயேதான் இருந்தது. முதலில் அவர் செய்தது, கராஜ் கதவைச் சாத்தியது. பிறகு யோசனை ஓடியது. நீளவாக்கில் வெட்டி வைத்த கவர் கடையில் கிடைக்கும். தண்டைச் சுற்றிப் போட்டுப் பசை தடவினால் ஒருவருக்கும் தெரியாது. அதை 'அவமானக் கவர்' என்று இதழில் பெயர் வைத்துத் திட்டியதும் இவரேதான். 'யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?' என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு குன்வோர் எட்டிப் பார்த்தாள். “என் ரொட்டித் தட்டு எங்க?” என்றவள் மேசையைப் பார்த்தாள், ஆக்ஸிலைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடம் ஒரு ஆக்ஸில் பைத்தியத்தோடு குடித்தனம் பண்ணியவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இது யார் வீட்டுத் தொட்டில்ல மாறின பிள்ளை?” என்று மட்டும் கேட்டாள்.

சிக்ஸ்டனுக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது. அவள் சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூட்டைத் திரும்பக் கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. முழங்கைவரை கிரீஸ். கவரை நுழைத்து மறுபடியும் கோத்து முடித்ததும், கை கழுவக்கூட நில்லாமல் போனை எடுத்தார். கையைக் கழுவினால் தைரியமும் கூடவே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

“ரிக்கார்ட், நான்தான்.”

“அம்மாவுக்கு ஏதாவதா?”

“இல்ல இல்ல. நான் கவரை மறந்துட்டேன்.”

கிரீஸில் போன் வழுக்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார் சிக்ஸ்டன்.

“வலது பக்கத்து ஆக்ஸில். மூட்டை மாட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, மேசை மேல கிடக்கு. இப்ப கழட்டி மறுபடி போட்டுட்டேன்.”

“வளையம் போட்டியா?”

“எந்த வளையம்?”

“கவரோட சின்ன வாயை இறுக்குற வளையம். இப்ப வர்ற வளையம்னா சுத்திப் போட்டுக்கலாம். நீதான் அசல் வளையம் இல்லாட்டி செத்துடுவியே, அது மூடின வளையமாச்சே, பப்பா. முன்னாடியே நுழைக்கணும்.”

சிக்ஸ்டன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். போட்டாச்சு என்று நாக்கு நுனிவரை வந்தது.

“கீழே கிடக்கு,” என்றார்.

ரிக்கார்ட் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“கவரை மறக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான். அதுக்கா நான் பேசாம இருக்கேன்னு நினைச்சே? தில்டாவும் அங்கதான் நின்னா, பப்பா. அவளுக்கு ஆறு வயசு. ஆஸ்பத்திரியில அப்பா மாறிட்டாரான்னு இன்னும் ராத்திரி படுக்கும்போது கேக்குறா.”

எண்பது பேரையும் சிரிக்க வைத்த பெருமையில், சிரிக்காத ஒரு சின்னப் பெண்ணைச் சிக்ஸ்டன் கவனித்திருக்கவே இல்லை.

“நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்?”

“அதையும் நானே சொல்லித் தரணுமா?” என்று கேட்டுவிட்டு ரிக்கார்ட் போனை வைத்துவிட்டான்.

குன்வோரின் காரில் லிட்சோப்பிங்குக்கு ஒரு மணி நேரம். சத்தமே போடாத வண்டி. திட்டிக்கொண்டே ஓட்ட அதில் ஒரு குறையும் இல்லாததால், தன்னையே திட்டிக்கொண்டு ஓட்டினார். தில்டாவுக்குச் சொல்ல மூன்று நல்ல வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். கதவைத் திறந்தது தில்டாதான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. மூன்று வாக்கியமும் மறந்துபோயிற்று.

“தாத்தா, எங்கப்பா நிஜமாவே மாறிட்டாரா?”

சிக்ஸ்டன் முழங்கால் சடசடக்க அவள் உயரத்துக்குக் குனிந்தார். நடையில் ரிக்கார்ட் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“இல்லம்மா. தாத்தா பொய் சொல்லிட்டேன். உங்கப்பா ஒரு கவரை மறந்தான். இன்னைக்கு நான் கவரையும் மறந்தேன், வளையத்தையும் மறந்தேன். அவன் எனக்குப் பொறந்தவன்தான், சந்தேகமே வேண்டாம். என்னைவிடக் கொஞ்சம் தேறிட்டான், அவ்வளவுதான்.” பிறகு தலையை நிமிர்த்தி, “தப்புப் பண்ணிட்டேன், ரிக்கார்ட். அது வேடிக்கையே இல்ல. மன்னிச்சுடுடா,” என்றார்.

தில்டா அப்பாவின் முகத்தையும் தாத்தாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி பெரிசு,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

“ஷூவைக் கழட்டிட்டு வா, பப்பா,” என்றான் ரிக்கார்ட். “அடியெல்லாம் கிரீஸ்.”

சிக்ஸ்டன் வாசற்படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். கண்ணீர் மறைத்ததால் முடிச்சு தெரியவில்லை. ரிக்கார்ட் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தானே அவிழ்த்துவிட்டான்.