ஸ்ட்ராபெரிப் பாத்தியில் ஓடிய தண்ணீர்

தண்ணீர் வருகிறது என்று சொன்னது வில்யோவின் வாய்தான். குழாயில் ஒரு சொட்டுகூட வந்திருக்கவில்லை.

காலையில் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் ஹெய்டி போன் செய்தாள். "சைமியை இன்னைக்கு மத்தியானம் டாக்ஸியில கூட்டிட்டு வரேன். வீட்டுக்குள்ள குழாயில தண்ணி வருதுல்ல? அது இல்லேன்னா அவங்களை அங்க விட முடியாது." வாளியும் கையுமாகக் கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்த வில்யோவுக்கு, மனைவி வருகிறாள் என்ற பாதிதான் காதில் ஏறியது. வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார். "வருது, வருது! கொட்டுது!" என்று கத்தினார். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

மார்ச் மாதத்தில் இதே கிணற்றடிப் பனிக்கட்டியில் வாளியோடு வழுக்கி விழுந்து சைமி இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவள் இல்லாத வீடு வில்யோவுக்கு வீடாகவே இல்லை. அதை அவர் தபால்காரரிடம்கூடச் சொல்லி அழுதிருக்கிறார். இன்று குழாய் ஏமாற்றினால் அதே டாக்ஸியில் அவள் திரும்பிப் போக வேண்டியதுதான். நகரத்து முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகிறது என்ற பேச்சு வேறு அடிபட்டது. போதாக்குறைக்கு இன்றைக்கு நடுக்கோடைப் பண்டிகை. மதியத்தோடு கடைகளைச் சாத்திவிடுவார்கள். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் திங்கட்கிழமைதான்.

ஆனாலும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பண்டிகை வழக்கப்படி வாசலில் பிர்ச் மரக் கிளைகளை நட்டார், புது உருளைக்கிழங்கைத் தோண்டினார், தாடியைக்கூட மழித்துக்கொண்டார்.

பக்கத்துப் பண்ணை ரைலி எலக்ட்ரீஷியன். கிணற்றுத் தண்ணீரை வீட்டுக் குழாய்க்கு ஏற்ற வில்யோ புதிதாக வாங்கிய பம்புக்கான வயரிங்கையும் எர்த்தையும் போன வாரமே முடித்திருந்தாள். இன்று வந்ததும் முதல் காரியமாக மெயினை அணைத்துப் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனையும் மாட்டினாள்.

"சாவியை நான் தின்னுடவா போறேன்?"

"தின்னா பரவாயில்லை. இவ்வளவு சந்தோஷமா இருக்கற ஆம்பளை கையில மெயின் சாவி இருக்கக் கூடாது."

கிணற்றுக்குள் பம்பை இறக்கும்போது வில்யோ அவசரத்தில் கேபிளைப் பிடித்துவிட்டார். ரைலி போட்ட சத்தத்தில் வேலியில் இருந்த காக்கை பறந்தது. "அதை விடுங்க! கேபிள் கரண்டுக்கு, கயிறு பாரத்துக்கு! கேபிள் பிஞ்சா நீங்க வெந்நீர் போட வேண்டியதில்லை, கிணறே போட்டுடும்!" கயிற்றில் கட்டி, அடிச் சேற்றைத் தொடாத உயரத்தில் பம்பை நிறுத்தினார்கள்.

பிறகு வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறை. அழுத்தத் தொட்டி அங்கே நீல நிறத்தில் கொழுத்த பன்றிபோல உட்கார்ந்திருந்தது. கார் டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியை ரைலி அதன் தலையில் வைத்தாள்.

"காலியா இருக்கும்போதே பாக்கணும். பம்பு எந்த அழுத்தத்துல ஓட ஆரம்பிக்குமோ, அதைவிடக் கொஞ்சம் கம்மியா காத்து இருக்கணும்."

"இந்தத் தகரக் குமிழ் எதுக்கு?"

"அது காவல். சுவிட்ச் பம்பை நிறுத்தாம விட்டு அழுத்தம் எகிறிச்சுன்னா, இது திறந்து தண்ணியை வெளிய விட்டுடும். இல்லேன்னா தொட்டி வெடிச்சு, நீங்க பண்டிகையை மேல போய்த்தான் கொண்டாடணும்."

குழாய் இணைப்பு வில்யோவின் பங்கு. அதை அழகாகவே முடித்தார். தொட்டிக்குப் பின்னால் கைவிட்டுக் கடைசியாக ஒரு திருகு திருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"என் வேலையில குறை சொல்ல இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்."

ரைலி மெயினைப் போட்டாள். கிணற்றுக்குள் பம்பு உறுமியது. வில்யோ தொட்டியைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார்! அழுத்தமானியின் முள் லேசாகத் துடித்தது. துடித்த இடத்திலேயே நின்றும் விட்டது. நிலவறைப் படியேறி ஓடிப்போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தார். அது புஸ்ஸென்று காற்றை விட்டதோடு சரி.

ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பார்த்தார்கள். எல்லாம் உலர்ந்து கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தபோதுதான் ரைலியின் முகம் மாறியது.

"மட்டம் இறங்குது, வில்யோ. பம்பு தண்ணியை எடுக்குது. ஆனா அது எங்கேயோ போகுது."

"இறங்கிப் பாத்துடறேன்." ஒரு காலைத் தூக்கிக் கிணற்று விளிம்பில் போட்டுவிட்டார். ரைலி அவருடைய கால்சட்டை வாரைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ள காத்து கெட்டிருக்கும். மயங்கி விழுந்தா நான் யாரைத் தூக்கக் கூப்பிடறது? சைமி வந்து உங்க பொணத்தைப் பாக்கவா?"

அந்த நேரம் பார்த்துச் சாலைத் திருப்பத்தில் டாக்ஸியின் ஹாரன் கேட்டது. வில்யோ கிணற்றை அப்படியே விட்டார். ஓடிப்போய் டாக்ஸியின் கதவைத் திறந்தார். ஹெய்டி கைகொடுக்க, சைமி வாக்கரை ஊன்றி இறங்கினாள். புருஷனைப் பார்க்கவில்லை, பிர்ச் கிளைகளைப் பார்க்கவில்லை. வீட்டின் பக்கச் சுவரையே பார்த்தாள்.

"வில்யோ! என் ஸ்ட்ராபெரிப் பாத்தியில எதுக்குடா ஆறு ஓடுது?"

வில்யோ நெற்றியில் அடித்துக்கொண்டார். ஏரிக்கரையில் நகரத்துக்காரர்களின் கோடை வீடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பிழைப்பாக இருந்தது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வீட்டைப் பூட்டுமுன் கடைசி வேலை, வடிகால் குழாயைத் திறந்து விடுவது. இல்லையென்றால் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். மூளை பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்தது. கை மட்டும் பழக்கப்படி, தொட்டிக்குப் பின்னாலிருந்து பாத்திப் பக்கம் போகும் வடிகாலைத் திறந்து விட்டிருந்தது.

"ஜூன் மாசத்துல பனிக்குப் பயந்த ஒரே ஆம்பளை!" ரைலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே, தானும் தொட்டிக்குப் பின்னால் பார்க்கவில்லையே என்று தன்னையும் திட்டிக்கொண்டாள்.

வில்யோ நிலவறைக்குள் பாய்ந்து வடிகாலை மூடினார். முள் எழுந்தது. ஒன்று. இரண்டு. "ஏறு, கண்ணு, ஏறு!" மூன்றைத் தொட்டதும் டக்கென்று ஒரு சத்தம். போதிய அழுத்தம் சேர்ந்து பம்பு தானாகவே நின்றது.

சமையலறையில் சைமி குழாயைத் திறந்தாள். அது இருமியது, கலங்கலாகத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டத் தொடங்கியது. அவள் இரண்டு கையையும் நீட்டி நனைத்துக்கொண்டு சின்னப் பெண்போலச் சிரித்தாள். வில்யோவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தண்ணியைச் சோதிச்ச முடிவு வர்ற வரைக்கும் குடிக்கறதைக் கொதிக்க வைங்க," என்றாள் ரைலி.

ஹெய்டி புருவத்தை உயர்த்தினாள். "காலையிலயே கொட்டுதுன்னு சொன்னீங்களே, வில்யோ?"

வில்யோவின் காதுகள் சிவந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் சைமி முந்திக்கொண்டாள். "கொட்டத்தான் செஞ்சுது, பாத்தியில பாக்கலையா? உக்காரும்மா, காபி குடிச்சுட்டுப் போகலாம்."

காபியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்து டாக்ஸி போனது. ரைலியும் கிளம்பினாள். அதுவரை பொறுத்த வில்யோ மெல்ல ஆரம்பித்தார். "சைமி, காலையில நான் போன்ல சொன்னது வந்து..."

"தெரியும். நர்ஸ் என் பக்கத்துல ஸ்பீக்கர்லதான் பேசினாங்க. நீ வாளியைக் கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு."

"அப்ப தண்ணி இல்லேன்னு தெரிஞ்சேவா கிளம்பி வந்தே?"

"நான் கிளம்பிட்டேன்னா, நீ எப்படியும் வர வெச்சுடுவேன்னு அதுவும் தெரியும்." குழாயை மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். "நின்னுட்டே இருக்கியே! போய் சவுனா அடுப்பை மூட்டு, ஆவியில குளிக்கலாம்."